தாம்பாளத்தை ஆட்டிக்கொண்டே சாய்த்தால்

மெக்சிகோ பாடகி நதாலியா லஃபோர்காதேயின் ரசிகரான வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2022-இல் வந்த அவருடைய 'தே தோதாஸ் லாஸ் ஃப்ளோரேஸ்' ஆல்பத்தைப் பழைய காலத்து டேப்பில் பதிவு செய்தார்களாமே. கணினி இருக்கும்போது எதற்கு இந்த வேலை? டேப்பில் ஒலி இதமாக இருக்கும் என்பது நிஜமா, கட்டுக்கதையா?"

கொஞ்சம் நிஜம், நிறையக் கட்டுக்கதை. முதலில் நிஜம்.

டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய தோர்னியோ என்ற சிற்றூரில், பீக்கன் தோப்புகளுக்கு நடுவே சோனிக் ரான்ச் என்ற ஸ்டுடியோ இருக்கிறது. ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு முழுக்கத் தன் புதுப் பாடல்களோடு நதாலியா வந்தது அங்கேதான். கிதாரில் மார்க் ரிபோ, தயாரிப்பில் அதான் ஹோதோரோவ்ஸ்கி. இவர்கள் வாசித்ததெல்லாம் ஒலிநாடாவில் ஏறியது.

ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையில் பூசிய இரும்பு ஆக்சைடு, கிட்டத்தட்டத் துருதான். மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம், டேப் உரசிக்கொண்டு போகும் ஹெட் என்ற பதிவுமுனையின் கம்பிச்சுருளில் ஓடும். ஹெட்டின் மெல்லிய இடைவெளியில் காந்தப்புலம் ஏறி இறங்கும். கடந்து போகும் துகள்கள் அதற்கேற்பக் காந்தமாகும். பள்ளியில் படித்ததுதான், விட்டுவிடுவோம்.

ஆனால் அப்படியே பதிவு செய்தால் பாட்டு கேட்கச் சகிக்காது. காரணம், பாடப்புத்தகம் 'காந்தத் தயக்கம்' என்று சொல்லும் அதே சமாச்சாரம். ஒரு துகள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும், இல்லையென்றால் அந்தப் பக்கம், நடுவில் நிற்காது. சின்னக் காந்தப்புலத்துக்கு அசையவே அசையாது. ஓர் அளவைத் தாண்டினால் சட்டென்று புரண்டுவிடும். மெல்லிய முணுமுணுப்பு பதிவாகாமலே போகும், உரத்த குரல் கோணலாகும்.

தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு மணியும் நகராது. இன்னும் சாய்த்தால் மொத்தமும் சரியும். இப்போது தாம்பாளத்தை விடாமல் குலுக்கிக்கொண்டே சாய்த்துப் பாருங்கள். துளிச் சாய்வுக்குத் துளி அரிசி நகரும், கூடுதல் சாய்வுக்குக் கூடுதல் அரிசி. குலுக்கலை மெல்ல நிறுத்தினால், நகர்ந்த அரிசி நகர்ந்த இடத்திலேயே நிற்கும்.

டேப்பில் நடப்பதும் இதுதான். பாட்டோடு சேர்த்து, நம் காதுக்கு எட்டாத சுமார் 1,00,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றையும் ஹெட்டுக்கு அனுப்புகிறார்கள், அதுவும் பாட்டைவிடப் பலமாக. ஹெட்டைக் கடக்கும் அந்த நொடிப்பொழுதில் துகள்கள் இப்படியும் அப்படியுமாகப் பலமுறை புரட்டப்படுகின்றன. விலகிப் போகப் போகக் குலுக்கல் அடங்குகிறது. அடங்கும் அந்தக் கணத்தில் பாட்டின் புலம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதற்கேற்ற எண்ணிக்கையில் துகள்கள் அந்தப் பக்கம் உறைந்துவிடும். குலுக்கிய அலை நம் காதுக்கு வருவதே இல்லை. எனக்கு இதைவிட அழகான தந்திரம் மின்னணுவியலில் இன்னும் அகப்படவில்லை. இதன் பெயர் பயஸ். பழைய கேசட் உறைகளில் 'நார்மல் பயஸ்', 'ஹை பயஸ்' என்று அச்சடித்திருந்ததே, அது இதுதான்.

இதற்கு அமெரிக்காவில் 1927-லேயே காப்புரிமை கொடுத்து, அப்புறம் மறந்தும் போனார்கள். 1940-இல் ஜெர்மன் வானொலியில் வால்டர் வெபர் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) கோளாறாகித் தானாகவே உயர் அதிர்வெண் அலை ஒன்றை உண்டாக்கியது. பதிவு கெட்டிருக்க வேண்டும், மாறாகத் துல்லியமாக வந்தது. அவர் பெருக்கியைச் சரிசெய்துவிட்டுப் போகாமல் ஏன் என்று பார்த்தார். "எங்கள் பெருக்கி கோளாறாகும், அப்போது ஒன்று கண்டுபிடிப்போம்" என்று எழுதி ஆராய்ச்சி நிதி கேட்டுப் பாருங்கள், எந்தக் குழு தரும்?

சரி, அந்த இதம்? ஒலி மிகவும் உரக்கும்போது திரும்ப வேண்டிய துகள்கள் ஏறக்குறைய எல்லாமே திரும்பியிருக்கும். அதுதான் தெவிட்டு நிலை. அலையின் உச்சி வெட்டுப்படாமல் மழுங்கி உருள்கிறது. அப்படி மழுங்கும்போது மூல அதிர்வெண்ணின் மூன்று மடங்கு அதிர்வெண் ஒன்று புதிதாக முளைக்கும். சட்ஜத்தின் மூன்று மடங்கு என்ன? மேல் ஸ்தாயிப் பஞ்சமம். பாடகி உச்சத்துக்குப் போகும்போது டேப் தன் பங்குக்கு மெல்லியதாகத் தம்புரா மீட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டுக்கதை. டேப் போன்ற அனலாகில்தான் ஆன்மா இருக்கிறது, எண்களாக்கினால் செத்துவிடும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேபிள் விற்கிறார்கள். ராசிக்கல் வியாபாரத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டேப் செய்வது ஒரு குறிப்பிட்ட பிழை, காதுக்குப் பிடித்த பிழை. அந்த ஆல்பத்தின் உயிர்ப்பில் பெரும்பங்கு, நல்ல கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கேட்டபடி சேர்ந்து வாசித்ததில் இருக்கிறது என்பேன். டேப்பில் நினைத்தபடி வெட்டி ஒட்ட முடியாது, அதனால் ஒழுங்காக வாசித்தே ஆக வேண்டும்.

உங்கள் ஃபோனுக்கு அந்தப் பாடல் எண்களாகத்தான் வந்து சேர்கிறது. டேப் சேர்த்த பஞ்சமம் அந்த எண்களுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.