பழைய கம்பைலரைத் தொடாமல் புதியதைப் போடுவது

கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரி லேப். கம்ப்யூட்டர்களில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ், அதோடு வரும் கம்பைலர், அதாவது நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கருவி, ஜிசிசி 9. மாணவி ஒருத்தி மன்னார் வளைகுடாவின் ஓத நீர்மட்டத்தை அட்டவணையாகத் தரும் சி++ நிரல் எழுதுகிறாள். தசம எண்களை வரிசை பிசகாமல் அச்சிட ‘ஃபார்மட்’ வசதி வேண்டும். அது ஜிசிசி 13-இன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில்தான், அதாவது நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோடுத் தொகுப்பில்தான், வந்தது.

பழையதை எடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், கம்ப்யூட்டரில் எத்தனையோ நிரல்கள் அதனோடு வந்த லைப்ரரியை நம்பி ஓடுகின்றன. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தைப் பெயர்த்துவிட்டா புதியதைக் கட்டினார்கள்? பக்கத்திலேயே கட்டி 2025-இல் திறந்தார்கள். இங்கும் அதே வழிதான். ஜிசிசியின் சோர்ஸ் கோடை (மனிதர்கள் எழுதிய மூல வடிவத்தை) இறக்கி, கட்டுவதற்குமுன் கான்ஃபிகர் செய்யும்போது, அதாவது அமைப்புகளைச் சொல்லும்போது, ‘பிரிஃபிக்ஸ்’ என்று ஒரு தனி ஃபோல்டரைக் காட்டினால் எல்லாம் அதற்குள் போய் உட்காரும். பிடிக்காவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும்.

சரி, கம்பைலரை எதை வைத்துக் கம்பைல் செய்வது? ஜிசிசியே சி++ மொழியில் எழுதப்பட்டதுதான். அதனால் முதல் சுற்றில் பழைய 9, புதிய 13-ஐக் கட்டித் தருகிறது. ஆனால் அதன் எந்திரக் கட்டளைகள் பழையவர் கைவண்ணம். அந்த 13 தன் சோர்ஸ் கோடைத் தானே மறுபடி கம்பைல் செய்வது இரண்டாம் சுற்று. அதில் பிறந்தது இன்னொரு முறை செய்வது மூன்றாம் சுற்று. கடைசி இரண்டு சுற்றின் ஆப்ஜெக்ட் கோப்புகளும் (கம்பைல் ஆகி வந்த எந்திரக் கட்டளைக் கோப்புகளும்) அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கோளாறு என்று, இந்தச் சுற்றுகளை நடத்தும் ‘மேக்’ கட்டளை நின்றுவிடும். ஜிசிசியில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நேரம் பிடிக்கும்தான், நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தொடங்கும் முன் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகள் வேண்டும். அவற்றை இறக்கித் தரும் ஸ்கிரிப்ட் சோர்ஸ் கோடோடு வருகிறது.

அப்புறம்தான் பலரும் தடுமாறும் இடம். நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆகும். ஓட்டினால் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.29 இல்லை’ என்று விழும். ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்பது சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பதிப்பு அடையாளம். கம்பைல் ஆனபோது பார்த்தது புதிய லைப்ரரி. ஓடும்போது லைப்ரரியைத் தேடித் தருவது கம்பைலர் அல்ல, நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர். அதற்கு நம் தனி ஃபோல்டர் தெரியாது. வழக்கமான இடத்தில் இருக்கும் பழையதை எடுத்துக்கொள்கிறது. பழையதில் 3.4.28 வரைதான் உண்டு. தசம எண்ணை எழுத்தாக்கும் வேலை 3.4.29-இல் சேர்ந்தது.

லிங்க் செய்யும்போதே, அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும்போதே, ‘ஆர்பாத்’ என்ற அமைப்பு மூலம் புதிய லைப்ரரியின் இடத்தை நிரலுக்குள் எழுதிவிடுவதுதான் சுத்தமான தீர்வு. எது ஏறுகிறது என்பதை எல்டிடி கட்டளை காட்டும்.

இதே துணிச்சலில் ஜிலிப்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது கம்ப்யூட்டரின் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் சி லைப்ரரி. லோடரே அதன் பகுதி. கம்ப்யூட்டரில் இருப்பதன் மேலேயே எழுதி ஏதாவது பிசகினால் கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ் கூட ஓடாது.