ஒரே தொண்டை, ஐந்து குரல்

“அர்ஜென்டினாவின் பாடகி ஹுவானா மோலினா மேடையில் தனியாகத்தான் நிற்கிறார். கேட்டால் ஐந்தாறு பேர் பாடுவது போல இருக்கிறதே, எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் பாடப்பாட அங்கேயே பதிவாகி, அங்கேயே திரும்பி ஒலிக்கிறது. லூப் பெடல் என்ற காலால் அழுத்தும் கருவியின் வேலை அது.

குரல் மைக்கில் பட்டு மின் அலையாகிறது. அதை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். சரி, இது தெரிந்த கதை. அப்புறம் வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம்.

பெடலின் நினைவகத்தை வட்டமாக அடுக்கிய அறைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு நொடிப் பாட்டுக்கு 1,76,400 அறைகள். ஒரு சுட்டி அறை அறையாக நகர்ந்து, கடைசி அறை முடிந்ததும் முதல் அறைக்கே வந்துவிடும். ஒவ்வொரு அறையிலும் பழைய எண்ணை எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். மைக்கில் இப்போது வந்த எண்ணை அதோடு கூட்டும். கூட்டியதை அதே அறையில் வைக்கும். அவ்வளவுதான், வெறும் கூட்டல்! ஐந்து சுற்று பாடினால் ஐந்து குரலும் ஒரே எண்ணுக்குள் இருக்கும். காற்றிலும் அப்படித்தானே? எத்தனை பேர் பாடினாலும் செவிப்பறையில் மோதுவது ஒரே அழுத்தம். பிரித்துக் கேட்பது மூளை.

பழைய எண்ணைத் திரும்ப வைக்கும்போது 0.9-ஆல் பெருக்கினால், ஏழு சுற்றில் முதல் குரலின் அலை பாதி உயரத்துக்கும் கீழே இறங்கிவிடும். புதுக்குரல் முன்னே வர, பழையது மெல்லக் கரையும். சொற்களே இல்லாத முனகலும் மூச்சும்கூட இந்த அடுக்கில் வாத்தியமாகிவிடுகின்றன.

அர்ஜென்டினாவின் சக்கரேரா என்ற நாட்டுப்புற ஆட்டத்தில் மெட்டு ‘தகிட தகிட’ என்று போகும், அடியில் பாஸ் என்ற தாழ்ந்த ஒலி ‘தக தக தக’ என்று நடக்கும். இரண்டும் ஆறு எண்ணிக்கைதான். எனவே லூப்பின் நீளம் ஆறின் மடங்காக இருந்தால், இரண்டும் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் வந்து சேரும். நான் முயன்றபோது கால் ஒரு கணம் தாமதித்துவிட்டது. அந்த இடைவெளியும் லூப்பில் சேர்ந்து, சுற்று தவறாமல் நொண்டியது. “எல்லாம் மெஷின் பாடுகிறது” என்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான். தாளம் காலில் இல்லாவிட்டால் மெஷினால் ஒன்றும் ஆகாது.

பள்ளி ஆய்வகங்களில் ஒலிப் பாடம் பெரும்பாலும் இசைக்கவையோடு நின்றுவிடுகிறது. அறிவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் வகுப்புக்கு ஒரு மைக், ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுக்கலாம். பதிவு செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பிள்ளை தன் குரலைப் பதிந்து, அதன் மேலேயே இன்னொரு முறை பாடி, இரண்டு அலைகளும் கூடுவதைத் திரையில் பார்க்கட்டும்.