மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது குற்றவாளி இறந்தால்

"ஆளே போயாச்சு, இனி கேஸ் எதுக்கு?" தண்டனை பெற்றவர் அப்பீல் நடக்கும்போதே இறந்துவிட்டால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இந்தியச் சட்டப்படி அது ஆபத்தான பேச்சு. அற்றுப்போவது மேல்முறையீடு மட்டுமே. கீழ்நீதிமன்றம் எழுதிய 'குற்றவாளி' என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர் என்றால், வர வேண்டிய ஓய்வுக்காலப் பலன்களும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

இதற்கு வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 435ஆம் பிரிவு. மரண தண்டனையையோ சிறைத் தண்டனையையோ எதிர்த்த அப்பீல் என்றால், இறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நெருங்கிய உறவினர் ஒருவர் அதைத் தொடர்ந்து நடத்த அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போடலாம். மருமகனும் அண்ணன் மகனும் இந்தப் பட்டியலில் இல்லை. காரியம் முடியவே 16 நாள் ஓடிவிடும். மீதி இரண்டு வாரத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்கி, வழக்கறிஞரைப் பார்த்தாக வேண்டும்.

அபராதத்தின் கதை வேறு. சிறை உடம்புக்கான தண்டனை, உடம்போடு முடிந்துவிடும். அபராதமோ அவர் விட்டுப்போன சொத்தின் மீது ஏறும். அதனால்தான் அபராதத்தை எதிர்த்த அப்பீல் மரணத்தால் அற்றுப்போவதில்லை. சிறையும் அபராதமும் சேர்த்து விதிக்கப்பட்டிருந்தாலும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் ஹர்நாம் சிங் வழக்கில் சொன்னது. வாரிசுகள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டியதில்லை. இறந்தவரின் சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு.

விடுதலையை எதிர்த்து அரசு செய்த அப்பீல் என்றால், குற்றம்சாட்டப்பட்டவர் இறந்ததும் அற்றுப்போகும். ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில் நடந்தது அதுதான். 2014 செப்டம்பரில் 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை. அரசின் அப்பீலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருமுன் 2016 டிசம்பர் 5இல் மரணம். 2017 பிப்ரவரி 14இல் மற்ற மூவரின் தண்டனை உறுதியானது, அவர் மீதான அப்பீல் அற்றுப்போனது. அபராதத்தையாவது வசூலிக்கலாமே என்று கர்நாடக அரசு போட்ட சீராய்வு மனுவும் தள்ளுபடி. ஆனால் பறிமுதல் உத்தரவு நின்றது. நகைகளையும் மற்ற சொத்துகளையும் கேட்ட வாரிசுகளிடம், அப்பீல் அற்றுப்போனதை விடுதலையாகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது கர்நாடக உயர் நீதிமன்றம், 2025 ஜனவரியில்.