மூன்றாவது தடவை வந்த கண்கட்டி

"வெறும் கண்கட்டிதான் டாக்டர், சுரண்டி விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். மேல் இமையில் பட்டாணி அளவு வீக்கம், வலி இல்லை. அதே இடத்தில் இது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு தடவையும் வேறொரு இடத்தில் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகவில்லை, குப்பைக்குப் போயிருக்கிறது.

விளக்கை நெருக்கிப் பார்த்தேன். கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஐந்தாறு இமைமுடிகளைக் காணோம். இமையைப் புரட்டினால் உள்பக்கம் மஞ்சள் பூத்துச் சொரசொரப்பாக இருந்தது. சாதாரணக் கட்டி பொதுவாக முடியை விட்டுவைக்கும். முடியின் வேர் வரை போகிற கட்டி என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பயாப்ஸியில், அதாவது சதையை எடுத்துச் சோதித்ததில், செபேஷியஸ் கார்சினோமா என்கிற எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று வந்தது. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க இமைக்குள் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகள் உண்டு. பெரும்பாலும் அவற்றில்தான் இந்தப் புற்றுநோய் தொடங்குகிறது. மேல் இமையில் அவை அதிகம், அதனால் நோயும் அங்கேதான் அதிகம். கலேசியன் என்கிற சாதுவான கட்டியும் அதே சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவதுதான். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், முகஜாடை ஒத்துப்போகிறது.

கட்டியே இல்லாமலும் இது வரும். புற்றுசெல்கள் இமையின் உள்தோலில் மெல்லப் பரவி, கண் சிவந்து உறுத்தும். வெறும் இமை அழற்சி என்று நினைத்து, சொட்டு மருந்திலேயே மாதங்கள் ஓடிவிடும். இமை அழற்சி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். ஒரே கண் மட்டும் விடாமல் சிவந்திருந்தால் விசாரித்தே ஆகவேண்டும்.

சக மருத்துவர்களுக்கு ஒன்று: திசுவை அனுப்பும்போது 'கலேசியன்' என்று மட்டும் எழுதாமல் உங்கள் சந்தேகத்தையும் எழுதுங்கள். லேபில் வழக்கமான பதப்படுத்தலில் இந்தப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் கொழுப்பு கரைந்துபோகும், அப்புறம் வேறு வகைப் புற்று என்று முடிவு வரக்கூடும்.

இதைப் படித்துவிட்டு, நேற்று வந்த கண்கட்டிக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை வெந்நீர் ஒத்தடத்திலேயே சில வாரங்களில் வடிந்துவிடும். நடுத்தர வயதுக்கு மேல், அதே இடத்தில் திரும்ப வந்தாலோ, இமைமுடி உதிர்ந்தாலோ, ஒரே கண் விடாமல் சிவந்திருந்தாலோ பயாப்ஸி கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குச் சுற்றிலும் நல்ல திசு தெரியும்வரை வெட்டியெடுத்து, இமையைச் சீரமைத்தோம். இப்போது செக்கப்புக்கு வந்தால், நான் கேட்பதற்கு முன்பே நோய் பரவியிருக்கிறதா என்று காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் தடவிப் பார்த்து, "நெறி எதுவும் கட்டலை" என்று அவரே சொல்லிவிடுகிறார். சரி என்று நானும் ஒருமுறை தடவிப் பார்ப்பேன்.