பொத்தானில் ‘ஆம்’ என்று எழுதலாமா?

ஒரு லினக்ஸ் வழங்கலில் (லினக்ஸ் இயங்குதளத்தையும் செயலிகளையும் ஒன்றாகத் தொகுத்துத் தருவது) உள்ள ஆயிரக்கணக்கான செயலிகளை எழுதியவர்கள் உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள்; பெரும்பாலோர் வழங்கலைத் தொகுப்பவர்களின் கட்டளைக்கு உட்பட்டவர்களும் அல்லர். வழங்கலின் கையில் இருப்பவை மூன்று: செயலியைச் சேர்க்க மறுப்பது, தானே திருத்திச் சேர்ப்பது, வழு (மென்பொருள் பிழை) என்று பதிந்து மூல நிரலாளருக்குத் தெரிவிப்பது. திரையில் பயனர் காணும் பொத்தான், பெட்டி முதலியவை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடைமுகத் தரவிதி எதுவாயினும் இந்த மூன்றில் ஒன்றின் வழியாகவே பயனரை எட்ட முடியும்.

சில விதிகளைச் சோதிப்பது எளிது. ஒவ்வொரு நிரலுக்கும் கையேட்டுப் பக்கம் வேண்டும், இல்லாவிட்டால் அது வழு என்கிறது டெபியன் என்ற வழங்கலின் கொள்கை ஆவணம். அந்தக் குறையை லிண்டியன் என்ற கருவியே செயலியின் நிறுவல் பொதியைப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடும். ஆனால் ஓர் உரையாடல் பெட்டி பயனரைக் குழப்புகிறது என்பதை அக்கருவியால் காண இயலாது. ‘இடைமுகம் எளிமையாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் மனிதராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்த்தவுடன் மீறல் என்று சுட்டிக்காட்டத்தக்க சொற்களில் விதி அமைய வேண்டும்.

லினக்ஸில் பயன்படும் திரைப் பணிச்சூழலான க்னோமின் இடைமுக வழிகாட்டி இதற்கு நல்ல சான்று. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் க்னோமைப் பயனர்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்தது, க்னோம் 2.0 வெளிவந்த 2002இல் வழிகாட்டியின் முதல் பதிப்பும் வந்தது. சேமிக்காத கோப்பை மூடும்போது ஒரு செயலி ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்றும், இன்னொன்று ‘சேமிக்காமல் மூடவா?’ என்றும் கேட்பதாகக் கொள்வோம். கேள்வியைப் படிக்காமல் பழக்கத்தால் ‘ஆம்’ என்று அழுத்துபவரின் உழைப்பு முதலாவதில் பிழைக்கும், இரண்டாவதில் அழியும். பொத்தானில் ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’ என வினையையே எழுதச் சொல்கிறது வழிகாட்டி. விதி பின்பற்றப்பட்டதா என்பதை எவரும் ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

உபுண்டு என்ற வழங்கல் 2009இல் வேறு வழியில் சென்றது. புதிதாக நிறுவியவர் முதல் நாளிலேயே சந்திக்கக்கூடிய, எளிதில் சரிசெய்யத்தக்க சிறு இடைஞ்சல்களைத் தாள் கீறல்களுக்கு ஒப்பிட்டு, 9.10 பதிப்புக்குள் நூறைத் தீர்க்க இலக்கு வைத்தது. தனித்தனியே அற்பமாகத் தோன்றுவதால் ஒத்திப்போடப்பட்டு வந்த குறைகளுக்கு இதனால் ஒரு பெயரும் முன்னுரிமையும் கிடைத்தன.

முன்னுரிமைதான் இங்கே முடிச்சு. டெபியனில் வழுவின் கடுமைக்கு ஏழு படிகள் உண்டு. அவற்றுள் மேல் மூன்று மட்டுமே வெளியீட்டைத் தடுக்கும். இடைமுகக் குறைகள் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே தங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் நீளமான தமிழ்ச்சொல் பாதியில் வெட்டுப்பட்டால், அதுவும் ‘சிறு குறை’ என்றே பதிவாகலாம். எல்லாச் செயலிகளிலும் இடைமுகக் குறைகளின் படியை உயர்த்துவது நடவாத காரியம். ஆனால் வழங்கல் தானாகவே நிறுவித் தரும் சில டஜன் செயலிகளிலாவது, சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டுமே இயக்க முடியாமையும் பொத்தான் எழுத்து வெட்டுப்படுவதும் வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.