தோலில் ஏற்பி இருப்பதும் எண்ணெய் மருந்தாவதும்

போன வாரமும் ஒரு நாய் வந்தது. நான்கு வயது லாப்ரடார். நிற்க முடியாமல் தள்ளாடியது, சிறுநீர் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது, முகத்தருகே கையைக் கொண்டுபோனாலே திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. வலிப்பு என்று பயந்து தூக்கி வந்திருந்தார்கள். "எண்ணெய் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பி வந்தது. கஞ்சாச் செடி எண்ணெய். அரிப்புக்காம்.

"நாய்த் தோலில் கன்னாபினாய்டு ஏற்பி இருக்கிறதாமே டாக்டர்?" என்றார் வீட்டுக்காரர். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இருக்கிறது. கஞ்சாவில் உள்ள கன்னாபினாய்டு என்னும் பொருள்கள் செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும் இடம்தான் ஏற்பி. அதில் சிபி1, சிபி2 என்ற இரண்டு வகையுமே நல்ல ஆரோக்கியமான நாயின் தோலிலும் உண்டு. அடோபி என்னும் தோல் ஒவ்வாமை உள்ள நாய்களில், தடித்துப்போன மேல்தோலில் அவை இன்னும் வலுவாகத் தென்பட்டதாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் உடம்புக்கு அந்தச் சத்து போதவில்லை, நாம் ஊற்றிக் கொடுப்போம்" என்று முடிவு கட்டுகிறார்கள். தயவுசெய்து இந்தத் தாவலைத் தாவாதீர்கள். அழற்சியை அடக்க உடம்பே எடுத்த முயற்சியாக அது இருக்கலாம். தோல் தடித்ததன் விளைவாகவும் இருக்கலாம். குறைபாடு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இன்னொன்று, நீங்கள் நம்பி வாங்கும் சிபிடி, அதாவது கஞ்சாச் செடியின் போதை தராத பொருள், அந்த இரண்டு ஏற்பிகளிலும் வலுவாக ஒட்டுவதே இல்லை. ஒட்டுவது அதே செடியில் உள்ள டிஎச்சி, போதை தருகிற பொருள். அது போய் உட்காரும் சிபி1, நடையையும் சமநிலையையும் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையில் நாய்க்கு மிக அதிகம். அந்த லாப்ரடார் தள்ளாடியதற்குக் காரணம் இதுதான்.

சிபிடியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிபிடியும் அதன் அமில வடிவமான சிபிடிஏவும் கலந்து கொடுத்துப் பார்த்த 2022 ஆய்வொன்றில் அரிப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் தோல் புண்களின் மதிப்பெண் மாறவில்லை. சில நாய்களுக்கு ஏஎல்பி என்ற கல்லீரல் நொதியும் ஏறியது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் வீட்டில் சொட்டு எண்ணிக் கொடுக்கிற பொருளா இது?

அந்த நாயின் முன்னங்காலை விரித்துப் பார்த்தேன். விரலிடுக்கில் முடி துருநிறமாக இருந்தது, நக்கி நக்கி எச்சில் படிந்த கறை. ஒட்டும் டேப்பை அங்கே அழுத்தி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், காலடித் தடம் போன்ற வடிவில் மலாசீசியா, பார்க்கிற இடமெல்லாம். இந்தப் பூஞ்சை தானே தனியாக அரிப்பெடுக்க வைக்கும். எத்தனை நாள் எண்ணெய் கொடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

அரிப்பு வந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு நாலைந்து கடியே போதும், பூச்சி கண்ணில் படாமலேயே போகலாம். வீட்டில் இருக்கிற எல்லாப் பிராணிக்கும் மருந்து போட வேண்டும், ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பலனில்லை. அடுத்து பாக்டீரியா, பூஞ்சை. அதற்கப்புறம் உணவுச் சோதனை, குறைந்தது எட்டு வாரம். நடுவில் "பாவமாக இருந்தது" என்று ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவையெல்லாம் கழிந்த பிறகே அடோபி என்று சொல்கிறோம். ஓக்லாசிட்டினிப், லோகிவெட்மாப் போன்று சோதித்துத் தேர்ந்த மருந்துகள் இருக்கின்றன. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து வந்தால் எண்ணெயை நம்பி அதைத் திடீரென நிறுத்தாதீர்கள், அது ஆபத்து.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியோடு உடனே வாருங்கள். மிட்டாய் வடிவில் கொடுத்திருந்தால் அட்டையையும் எடுத்து வாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, சாக்லேட் இரண்டுமே நாய்க்கு விஷம், அவை சேர்ந்திருந்தால் சிகிச்சையே வேறு. கொடுத்ததை மறைக்க வேண்டாம், நான் திட்டமாட்டேன். தெரியாமல் போனால் மூளை நோயைத் தேடி நேரத்தை வீணாக்குவேன்.

லாப்ரடார் மறுநாள் மாலை நேராக நடந்து வீட்டுக்குப் போனது. அதன் பாதத்துக்கான மருந்தை அன்றுதான் எழுதிக் கொடுத்தேன்.