ஏஜென்ட்லெஸ் கண்காணிப்பும் யாரும் கண்டுகொள்ளாத பாஸ்வேர்டும்

மானிட்டரிங் மென்பொருள் இருந்தும் சர்வர் யாருக்கும் தெரியாமல் நின்றுபோவது இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோய் ஒரு நிறுவனத்தின் பில்லிங் மொத்தமாக முடங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் காரணம் ரொம்பச் சாதாரணமானது. லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. "மானிட்டரிங் இருக்கிறதே, அலெர்ட் வரவில்லையா?" என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த திரையைக் காட்டினார்கள். அந்த சர்வருக்கு நேரே பச்சை. உள்ளே போய் டிஸ்க் வரைபடத்தைத் திறந்தேன். கோடு 71 சதவீதம் வரை ஏறி, அங்கேயே அறுந்திருந்தது. அதற்குப் பிறகு 19 நாட்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

ஒரு நிர்வாகி வேலையை விட்டுப் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள். சரியான காரியம்தான். அப்படி மாறியவற்றில் மானிட்டரிங் மென்பொருள் பயன்படுத்தும் அக்கவுண்டின் பாஸ்வேர்டும் ஒன்று. மென்பொருளுக்குள் போய்ப் புதிய பாஸ்வேர்டைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. அன்று முதல் அது கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'அனுமதி இல்லை' என்றே பதில். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் பிங் போய் வந்துகொண்டிருந்தது. பிங்குக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. அதனால் பச்சை.

"ஏஜென்ட்லெஸ்தானே சார், சர்வரில் எதையும் நிறுவவில்லையே, இதில் பராமரிக்க என்ன இருக்கிறது?" என்று அங்கேயும் கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏஜென்ட் என்பது சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து கணக்கெடுத்து வெளியே அனுப்பும் ஒரு சின்ன நிரல். அது இல்லையென்றால் யாராவது வெளியிலிருந்து வந்து, கதவைத் தட்டி, லாகின் செய்து, கேட்டு வாங்கிப் போக வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கும் வழிமுறை, லினக்ஸ் என்றால் எஸ்எஸ்எச், விண்டோஸ் என்றால் டபிள்யூஎம்ஐ அல்லது வின்ஆர்எம், ஸ்விட்சும் ரவுட்டரும் என்றால் எஸ்என்எம்பி. ஒவ்வொன்றுக்கும் ஃபயர்வாலில் வழி வேண்டும், செல்லுபடியாகும் பாஸ்வேர்டோ கீயோ வேண்டும், போதுமான அனுமதி வேண்டும். எஸ்என்எம்பிக்கு யுடிபி 161, எஸ்எஸ்எச்சுக்கு 22 என்று ஒரே போர்ட்டோடு (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) முடிந்துவிடும். டபிள்யூஎம்ஐ அப்படியில்லை. 135-இல் தொடங்கி, 49152-க்கு மேலே எங்காவது ஒரு போர்ட்டுக்குத் தாவும். ஃபயர்வாலை யாரோ இறுக்கினால் அன்றே குருடாகிவிடும். சர்வரில் நிறுவ வேண்டியது இல்லை, அவ்வளவுதான். பராமரிக்க வேண்டியது அப்படியே இருக்கிறது. இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. சர்வருக்குச் சுமையே இல்லை என்பதும் தப்பு. கேட்ட கேள்விக்குப் பதில் தயாரிப்பது அந்த சர்வரின் சிபியுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அடுத்து பார்த்ததில்தான். அந்த அக்கவுண்ட், நெட்வொர்க்கின் விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றிலும் முழு அதிகாரம் உள்ள டொமைன் அட்மின்ஸ் குழுவில் இருந்தது. "படிக்க மட்டும்தானே பயன்படுத்துகிறோம்" என்றார்கள். நீங்கள் படிக்க மட்டும் பயன்படுத்துவீர்கள். அந்த மானிட்டரிங் சர்வருக்குள் நுழைந்தவன் படிப்பதோடு நிறுத்திக்கொள்வானா? எல்லா சர்வர்களின் சாவியையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறீர்கள். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் ஓரியன் விவகாரம் வெளியே வந்ததே, அதுவும் கண்காணிப்பு மென்பொருள்தான். அதன் அப்டேட்டுக்குள் தீய நிரலைப் புகுத்தியிருந்தார்கள். அந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, அரசுத் துறைகள் ஓரியனை உடனே துண்டிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கண்காணிக்கும் சர்வர் நெட்வொர்க்கில் எல்லா இடத்துக்கும் போய்வரக்கூடியது. அதனால்தான் அவ்வளவு பதற்றம்.

தயவுசெய்து மானிட்டரிங்குக்கென்று தனி அக்கவுண்ட் வையுங்கள், வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள். விண்டோஸில் பெர்ஃபாமன்ஸ் மானிட்டர் யூசர்ஸ், டிஸ்ட்ரிபியூட்டட் காம் யூசர்ஸ் குழுக்களில் சேர்த்து, டபிள்யூஎம்ஐ நேம்ஸ்பேஸில் (அதன் தகவல்கள் இருக்கும் பகுதி) 'ரிமோட் எனேபிள்' கொடுத்தால் பெரும்பாலான அளவீடுகள் வந்துவிடும். சர்வீஸ்களின் நிலையைப் பார்க்க மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். அரைநாள் வேலை. அதற்குச் சோம்பல்பட்டுத்தான் டொமைன் அட்மின் கொடுக்கிறார்கள்.

ஸ்விட்சுகளில் எஸ்என்எம்பிக்குப் பாஸ்வேர்டு போல இருக்கும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் இன்னும் 'பப்ளிக்' என்றே இருக்கிறதா? இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றினாலும் எஸ்என்எம்பியின் பழைய பதிப்பான 2சி அதை வெட்டவெளிச்சமாகத்தான் அனுப்பும். என்கிரிப்ஷனுடன் கூடிய பதிப்பு 3, 2002-லேயே முழுத் தரநிலையாகிவிட்டது. இன்னும் என்ன தயக்கம்? பதிப்பு 3-க்கு வழியே இல்லாத பழைய கருவி என்றால், மானிட்டரிங் சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் பதில் சொல்லும்படி கட்டிப்போடுங்கள். எழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

நெட்வொர்க் வரைபடம் நம்ப முடியாததாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடந்துபோன பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்ட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அது சுமார் 34 விநாடியில் நிரம்பி, பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் வருவது வெறும் குப்பை. 64 பிட் கவுன்ட்டருக்கு மாறுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் செய்யுங்கள். 'டவுன்' ஆனால் மட்டும் அலெர்ட் என்று வைத்திருப்பீர்கள். 'தகவல் வரவில்லை', 'லாகின் தோல்வி' இரண்டுக்கும் சேர்த்து வையுங்கள். பிறகு முக்கியமில்லாத ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து, மானிட்டரிங் மென்பொருளில் அதற்கு மட்டும், இல்லாத ஒரு யூசர் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள். உண்மையான அக்கவுண்டைப் போட்டுத் தவறான பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம், அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால் எல்லா சர்வர்களும் பார்வையிலிருந்து போய்விடும். பதினைந்து நிமிடத்துக்குள் உங்கள் போனுக்கு அலெர்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் இன்று மாலையே உட்கார்ந்து ஒவ்வொரு சர்வரின் டிஸ்க் வரைபடத்தையும் திறந்து, கடைசிப் புள்ளி எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று கையாலேயே சரிபாருங்கள்.